ஆறு ரயில்

திரும்பி வந்துவிட்டது அந்தப் பல்.
சின்ன நீலப் பெட்டிக்குள், பஞ்சில் கிடந்தபடி,
டாக்டரின் கிறுக்கலோடு:
கடிக்கும்போது இடிக்கிறது, மறுபடியும்.

'மறுபடியும்' என்ற சொல்லுக்குக் கீழே
இரண்டு கோடு.

இந்த மாதத்தில் மூன்றாவது.
ஊல்ரிகே தன் மேசையிலிருந்து பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை,
விளக்கை மட்டும் என் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டாள்.

யாருடைய பல் என்று எனக்குத் தெரியாது.
பல் செய்கிறவளிடம் முகங்கள் வருவதில்லை;
மேல்தாடை, கீழ்த்தாடை, ஓர் எண்.
ஆனால் வூப்பர்டாலில் யாரோ ஒருவர்
ஒரு கிழமையாக ஒருபக்கமாய்ச் சாப்பிடுகிறார்,
நான் போனைப் பார்த்ததால்.

மெழுகு இளகியிருந்த நேரம் பை அதிர்ந்தது.
எடுத்தேன்.
சப்பாத்துக்கு முப்பது வீதம் தள்ளுபடி.
நிமிர்ந்தபோது மெழுகு இறுகியிருந்தது.
பரவாயில்லை என்றேன், பல்லிடம்.

அடுத்த நாள் போனைக் கோட்டுக்குள் போட்டு
கோட்டை வாசல் கொக்கியில் மாட்டினேன்.
ஜன்னலுக்கு வெளியே, ஆற்றுக்கு மேலே,
தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு போகும் எங்கள் ரயில்.
ஆறு ரயில் போகும்வரை எழும்புவதில்லை,
இதுதான் சட்டம்.

முதல் ரயில் வரும் முன்னரே
கை போய்விட்டது.
காலிப் பைக்குள் துழாவி,
பூட்டிய கடைக்குப் போனவள் மாதிரி
வெறுமனே திரும்பி வந்தது.
போகும் ஒவ்வொரு தடவைக்கும்
தயிர்க் கிண்ணத்தின் மூடியில் ஒரு சொட்டு மெழுகு விட்டேன்.
பின்னேரம் எண்ணினேன்.
நாற்பத்தொன்று.

எங்கே பழகினாய் இதை என்று கையைக் கேட்டேன்.

அதற்கு ஞாபகம் இருந்தது.
அந்த வருடம், மாசி தொடங்கி வைகாசி வரை,
குளிக்கும்போது போன் சோப்புத் தட்டில்,
படுக்கும்போது கன்னத்துக்கும் தலையணைக்கும் நடுவில்.
அண்ணாவின் எண்ணிலிருந்து இரண்டு தடவை வந்தது.
ஒருதடவை காற்று மட்டும்.
பிறகு வேறோர் எண்ணிலிருந்து வேறொருவர்
மிக மரியாதையாகக் கதைத்தார்.

கெட்ட பழக்கமாய் அது தொடங்கவில்லை.
காவலாய்த் தொடங்கியது.
முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது,
எல்லோரும் சொன்னார்கள்.
கைக்கு யாரும் சொல்லவில்லை.
மூன்று போன் மாற்றிவிட்டேன்;
காவல் மாறவில்லை. பாவம்,
இப்போது சப்பாத்துக் கடைக்காரனுக்காக விழித்திருக்கிறது.

அதன்பிறகு கையைத் திட்டவில்லை.
அது கிளம்பும்போதெல்லாம்
வழியில் ஒரு தூரிகையைக் கொடுத்தேன்:
போ, இதைக் கழுவிக்கொண்டு வா.

இருபத்தெட்டு. பத்தொன்பது. மறுபடி முப்பது.
ஒரு வியாழக்கிழமை சட்டமே உடைந்தது:
பெறாமகளுக்கு லண்டனில் பிள்ளைப்பேறு.
கோட்டைக் கொண்டுவந்து கதிரையில் போட்டேன்,
அன்று ஒரு பல்லும் உருப்படவில்லை.
பெண் பிள்ளை, மூன்றரைக் கிலோ.
வெள்ளிக்கிழமை கோட்டோடு சேர்த்துச்
சட்டத்தையும் திரும்ப மாட்டினேன்.

பிறகு அந்தச் செவ்வாய்.
முன்பல் ஒன்று, நிறம் பிடிபடாத பல்,
பழைய நான் என்றால்
வாரக் கடைசிக்குத் தள்ளியிருப்பேன்.
முதலில் அதையே எடுத்தேன்.
நுனியில் ஒரு மங்கல் நீலம் வேண்டும்,
பாலில் விழுந்த நிழல் மாதிரி.
முதல் ரயில் வரட்டும் என்றிருந்தேன்.
வரவில்லை.
வரவில்லை என்பதும் பிறகு மறந்துபோனது.

"தயாளினி," என்று தோளைத் தொட்டாள் ஊல்ரிகே,
"ஒரு மணியாகிவிட்டது.
பாதையில் திருத்தவேலை, இன்று ரயிலே இல்லை."

மூடியில் நாலு சொட்டு.
பல் முடிந்திருந்தது.

போன கிழமை அனுப்பினேன்.
நீலப் பெட்டி இன்னும் திரும்பி வரவில்லை;
நன்றி என்று எவரும் எழுதவும் மாட்டார்கள்.
யாரோ ஓர் அப்பிளைக் கடித்துக்கொண்டு
என்னை நினைக்காமல் இருக்கிறார்.

நேற்று மாலை கோட்டைப் போட்டேன்.
வெளியே நல்ல குளிர்.
கை முதலில் பொத்தான்களுக்குப் போனது,
ஒவ்வொன்றாய்,
கழுத்துவரை.